நாற்பது மாடிக் காவல்

— அப்போ குளிரக் குறைக்கத்தான் வந்தியா? நல்ல காலம்! ஏர்கான்காரங்க சட்டையப் பாத்ததும் நெனச்சேன். ஏம்மா நின்னுக்கிட்டே இருக்க?

— பரவால்ல அங்கிள். நீங்கதானே கொக் வா அங்கிள்? நான் ரொஹாயா.

— நானேதான். இந்த நாப்பது மாடிக்கும் மேனேஜர். லிஃப்ட், கதவு, விளக்கு, குளிரு, அத்தனையும் இந்த ஒரே கம்ப்யூட்டருக்குள்ள அடக்கம், கேட்டியா? அச்ச்! இங்க உக்காந்து உக்காந்து மூக்கு குழாயாட்டம் ஒழுகுது.

— சாப்பிட்டு வர இவ்ளோ நேரமா?

— அத ஏன் கேக்குற! கோழிச்சோத்துத் தட்டோட உணவுக்கடை பூரா சுத்துறேன். ஒரு ஆளு இல்ல, ஆனா ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு டிஷ்யூ பாக்கெட்!

— தள்ளி வெச்சிட்டு உக்கார வேண்டியதுதானே?

— நல்லாக் கேட்ட! டிஷ்யூவ வெச்சு எடம் பிடிச்சிருக்கான்ல? அவன் ஊர்க்கோடியில, ஜூரோங்கில நின்னாலும் அது அவன் எடம். அதுல போயி உக்கார நான் என்ன மானங்கெட்டவனா? நின்னுக்கிட்டே தின்னேன்.

— அது சரிதான் லா. ஆனா ஒரே குஷியா இருக்கீங்களே!

— இருக்காதா பின்ன? இந்த வாரம் பூரா எங்களுக்குப் பரீட்சை, கேட்டியா? முதலாளி காசு குடுத்து ஒரு வெளியாள ஏவி விட்டிருக்காரு. அந்தாளு இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து, கீழ வரவேற்பு மின்பலகையில தன் பேர எழுதிட்டா எங்க பன்னெண்டு பேருக்கும் வேலை காலி. இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது.

— இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே.

— ரெண்டு நிமிஷத்துல கிழிச்சான்! நாலு நாளா இணையம் வழியாத் தட்டித் தட்டிப் பாத்தான். ஒரு பூட்டும் அசையல. இந்த அறைக்கே கைரேகை வெச்சாத்தான் கதவு தொறக்கும். ஆமா... நீ எப்படிம்மா உள்ள வந்த?

— ரெண்டு கையிலயும் கோப்பிப் பை. உங்க ஆளு ஒருத்தரு பாவப்பட்டுக் கதவப் பிடிச்சாரு. நல்ல மனுஷன்.

— கோப்பியா? யாரு கேட்டா?

— யாரும் கேக்கல. ஆறிப்போச்சு, குடிங்க. மணியும் அஞ்சாச்சு. இந்தாங்க என் அட்டை.

— இது அந்தப் பரீட்சைக் கம்பெனி... அடிப்பாவி, நீயா! எப்போலேர்ந்து இங்க நிக்கிற?

— நாலு மணியிலேர்ந்து. கம்ப்யூட்டரப் பூட்டாமலே போயிட்டீங்க அங்கிள். லிஃப்டு, கதவு, பலகை, எல்லாம் ஆன்னு தொறந்து கெடந்துச்சு.

— போச்சு! பன்னெண்டு குடும்பம்மா... இரு, இரு. வர்ற வழியில பலகையப் பாத்தேனே! உன் பேரு இல்லியே!

— எழுதினாத்தான் தோல்வி. எழுதல, நீங்க தேறிட்டீங்க. பூட்டாமப் போனத மட்டும் அறிக்கையில போட்டு மானத்த வாங்குவேன்.

— வாங்கு, தாராளமா வாங்கு! ஆனா கையில கெடச்சத ஏன் விட்ட?

— ரெண்டு தடவ கைய நீட்டினேன், நின்ன வாக்குலயே தட்டிடலாம்னு. அடுத்தவங்க எடத்துல கை வெக்க மனசு கேக்கல. கம்ப்யூட்டர் முன்னாடி அந்த நாற்காலியப் பாருங்க.

— என் டிஷ்யூ பாக்கெட்டு!

— அதான் அங்கிள். யாரோ எடம் பிடிச்சிருக்காங்க, இப்ப வந்துருவாங்கன்னு ஒரு மணி நேரமா கால் கடுக்க நிக்கிறேன்.

— ஐயையோ, நான் எங்கம்மா எடம் பிடிச்சேன்? அது மூக்கத் துடைக்க வெச்சதும்மா!