ஜெர்பராவுக்கு மண் அணைத்தவர்

லாமசேக்கோ: அப்படியில்ல, ஷொங்வே. மண்வெட்டியைத் தள்ளி வச்சுக் குத்துங்க. வேர் ஆழத்துல போயிருக்கும்.

ஷொங்வே: அதைத்தானே நாலு நாளா நானும் சொல்றேன். ஆழத்துல போயிருக்கு. தோண்டினா செத்துடும்.

லாமசேக்கோ: சாகாது.

ஷொங்வே: ஜெர்பராவுக்கு இடம் மாத்தினா ஆகவே ஆகாதுங்க. மலையில தானா முளைச்ச ஜாதி.

லாமசேக்கோ: இந்தப் பூ பொறந்த பார்பர்ட்டன்லயே பொறந்தவளுக்கு ஜெர்பரா பாடமா? நல்லாருக்கே.

ஷொங்வே: மெதுவா... உங்க நாத்தனார் காதுல விழப்போகுது.

லாமசேக்கோ: புருஷன் செத்து ஒரு வருஷமா மெதுவாத்தான் பேசறேன். நாளைக்குச் சடங்குல துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியைக் கழட்டினதும் முதல் வேலையா வாசல்ல நின்னு ஒரு தடவை கத்தப்போறேன்.

ஷொங்வே: என்னன்னு?

லாமசேக்கோ: அப்போ என்ன தோணுதோ, அதை.

ஷொங்வே: ம்... வண்டி எப்பக் கிளம்புது?

லாமசேக்கோ: யாரு வண்டி?

ஷொங்வே: உங்க மகன் மெலூசி வண்டிதான். சடங்கு முடிஞ்ச கையோட உங்களை ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கூட்டிட்டுப் போறான்னு தெருவே பேசுது.

லாமசேக்கோ: பேச்சை மாத்தாதீங்க. பெயின்ட் டப்பாவுல அடியில ஓட்டை போட்டாச்சா?

ஷொங்வே: போட்டாச்சு, போட்டாச்சு. மெலூசி வீடு பத்தாவது மாடியாமே. டப்பாவையெல்லாம் எங்க வைப்பீங்க?

லாமசேக்கோ: பால்கனி இருக்கு. ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் மூச்சு விட முடியாது. ஆனா இருக்கு.

ஷொங்வே: வெயிலு?

லாமசேக்கோ: காலையில கொஞ்சம் எட்டிப் பார்க்குமாம்.

ஷொங்வே: எட்டிப் பார்த்துட்டுப் போற வெயில்ல இது பூக்காது. இலையா விடும், கீரையாட்டம்.

லாமசேக்கோ: கீரையாவே இருக்கட்டும். பார்த்துக்கிட்டிருப்பேன்.

துலிசிலே: அண்ணி! வெளியில யாரோட பேச்சு?

லாமசேக்கோ: பக்கத்து வீட்டு ஷொங்வேதான், துலிசிலே. செடி எடுத்துக்கிட்டிருக்கார்.

துலிசிலே: பாத்தியில கால் வச்சிடாதீங்க. இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க. கறுப்போட இறங்கினா அத்தனையும் கருகிடும்.

லாமசேக்கோ: பாயை விட்டே எந்திரிக்கல, தாயே.

துலிசிலே: ஷொங்வே, நீங்களும் கொஞ்சம் தள்ளியே நின்னு பேசுங்க. விதவைகிட்ட என்ன இம்புட்டுப் பேச்சு?

ஷொங்வே: இதுக்கு மேல தள்ளி நின்னா என் வீட்டுக்குள்ளதான் நிக்கணும்.

துலிசிலே: நில்லுங்களேன், யார் வேண்டாம்னா? ஐயோ, சடங்குக்குக் காய்ச்சற பீர் பொங்குது...

லாமசேக்கோ: போயிட்டா.

ஷொங்வே: உங்களுக்கு... இறங்கி ஒரு தடவை தொடணும்னு ஆசையா இல்லையா?

லாமசேக்கோ: என்ன கேள்வி இது? ஒரு வருஷமா கண்ணு முன்னாடி பூக்குது, தொடக்கூடாது. காஞ்ச இலையைப் பார்த்தா கை துடிக்குது. நத்தை ஏறும், நான் பார்த்துக்கிட்டிருப்பேன். நீங்க நத்தையைப் பார்க்காம வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க.

ஷொங்வே: மழை வருமான்னு பார்த்தேன்.

லாமசேக்கோ: பூவெடுக்க முதல் நாள் கத்தரிக்கோலோட வந்தீங்களே... முடி வெட்ட வந்த ஆளாட்டம்.

ஷொங்வே: இப்பத் திருகித்தானே எடுக்கறேன்? அடிக்காம்பைப் பிடிச்சு, மெதுவா.

லாமசேக்கோ: எடுக்கறீங்க. காலையிலதான் தண்ணி, இலைமேல படாம வேருக்கு மட்டும்... எல்லாம் கத்துக்கிட்டீங்க. இல்லைன்னு சொல்லல.

ஷொங்வே: உங்க வீட்டுக்காரர் மகாகுலா உசுரோட இருந்தா என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பார்.

லாமசேக்கோ: அவருக்குப் பூவே பிடிக்காது. இந்த இடத்துல முட்டைக்கோஸ் போடலாம், முட்டைக்கோஸ் போடலாம்னு சாகற வரைக்கும் சொன்னார். நல்ல மனுஷன். ஆனா முட்டைக்கோஸ் மனுஷன்.

ஷொங்வே: நல்ல மனுஷன்தான்...

லாமசேக்கோ: எதுக்கு இப்ப இவ்வளவு பெரிய மூச்சு?

ஷொங்வே: மண்ணு கெட்டியா இருக்கு.

லாமசேக்கோ: நேத்துதான் மழை பேஞ்சுது.

ஷொங்வே: ...இந்தாங்க, ஒண்ணு எடுத்தாச்சு. பாருங்க, வேர் அறுந்துடுச்சு. போற வழியிலேயே வாடிடும். வேண்டாங்க. இங்கயே இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன். நீங்க எப்பயாவது... ஒரு கிறிஸ்மஸுக்கு வந்தா...

லாமசேக்கோ: ஷொங்வே.

ஷொங்வே: ம்.

லாமசேக்கோ: இடம் மாத்தினா செத்துடும்னு சத்தியம் பண்ணுவீங்களா?

ஷொங்வே: இதுக்கெல்லாம் எதுக்குச் சத்தியம்...

லாமசேக்கோ: இதெல்லாம் யாரு செடி?

ஷொங்வே: உங்க செடிதான். வேற யாருது?

லாமசேக்கோ: என் செடியெல்லாம் போன வருஷமே செத்துப்போச்சு.

ஷொங்வே: யாரு சொன்னா?

லாமசேக்கோ: சோளத்துக்கு அணைக்கற மாதிரி மண்ணைக் கூட்டிக் கூட்டி அணைச்சீங்க. குருத்து உள்ள போய் அழுகிடுச்சு. இந்தப் பாயில உக்காந்து எல்லாத்தையும் பார்த்தேன்.

ஷொங்வே: பார்த்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

லாமசேக்கோ: சொன்னேன். குருத்தை மூடாதீங்க, குருத்தை மூடாதீங்கன்னு. துக்கக்காரி குரலை உயர்த்தக்கூடாதே... என் குரல் இந்த வாசலைத் தாண்டல. நீங்க குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, பாட்டு வேற பாடினீங்க.

ஷொங்வே: கடவுளே...

லாமசேக்கோ: அப்புறம் என்னை மலைக்கு அந்தப் பக்கம் மாமனார் ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தா, பாத்தி நிறைய பூ. உங்க வீட்டு ஜன்னலடி மட்டும் மொட்டையா இருக்கு.

ஷொங்வே: அதான் அன்னைக்கே சொன்னேனே... ஆடு மேஞ்சுடுச்சுன்னு.

லாமசேக்கோ: இந்தத் தெருவுல யார்கிட்ட ஆடு இருக்கு?

ஷொங்வே: ...வெளியூர் ஆடு.

லாமசேக்கோ: ஓஹோ. வெளியூர் ஆடு பஸ் ஏறி வந்து, வேரோட தோண்டித் தின்னுட்டு, குழியை மூடி, மண்ணையும் தட்டி விட்டுட்டுப் போச்சாக்கும்?

ஷொங்வே: நீங்க இருந்த நிலைமையில இதுவும் போச்சுன்னு சொல்ல மனசு வரல. அதான் என்னோடதை எடுத்து வச்சேன். அதுவும் ஒரு காலத்துல நீங்க வேலிக்கு மேல பிரிச்சுக் கொடுத்ததுதானே.

லாமசேக்கோ: அப்ப உங்க வீட்டுக்குப் போச்சு, பொழைச்சுது. திரும்ப இங்க வந்துச்சு, பொழைச்சுது. ஒண்ணு கூடச் சாகல. அப்புறம் எந்த வாயால நாலு நாளா செத்துடும், செத்துடும்ங்கறீங்க? சொல்லுங்க.

ஷொங்வே: தெரியாதா உங்களுக்கு?

லாமசேக்கோ: தெரியும். காதால கேட்டதில்ல.

ஷொங்வே: துலிசிலே வந்துடுவா.

லாமசேக்கோ: அவ பீர்ப் பானையை விட்டு நகர மாட்டா.

ஷொங்வே: எனக்கு எப்பவுமே நேரம் தப்பிடுதுங்க. உங்களைப் பொண்ணு கேட்டு உங்க அப்பாவுக்குக் கொடுக்க மாடு சேர்க்கணும்னுதான் சுரங்கத்துக்குப் போனேன். ஊருக்குத் திரும்பி வந்தா, மகாகுலா கொடுத்த மாடு உங்க தொழுவத்துல நிக்குது.

லாமசேக்கோ: எனக்காகப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊரை விட்டுப் போற ஆளுன்னுதான் நினைச்சேன்.

ஷொங்வே: கையில ஒண்ணுமில்லாம எப்படிக் கேக்கறது?

லாமசேக்கோ: வாயால.

ஷொங்வே: இப்பவும் அதே கதைதான். நாளைக்கு நீங்க வண்டி ஏறிடுவீங்க. அதுக்கப்புறம் காலையில எந்திரிச்சு நான் என்ன பண்றது? இந்த ஒரு வருஷமும் தண்ணி ஊத்தவா எந்திரிச்சேன்? நீங்க இந்தப் பாயில உக்காந்து திட்டுவீங்களே... அதுக்குத்தான்.

லாமசேக்கோ: சத்தமில்லாமத்தானே திட்டினேன்?

ஷொங்வே: கேக்கணும்னுதான் குழாயை மெதுவாத் திறக்கப் பழகினேன்.

லாமசேக்கோ: ...அடப்பாவி.

ஷொங்வே: எடுத்துட்டுப் போங்க. பொழைக்கும். குருத்து மண்ணுக்கு மேல நிக்குது, பாருங்க. பத்தாவது மாடியில வச்சாலும் பொழைச்சுக்கும். நான்தான்...

லாமசேக்கோ: நீங்கதான்?

ஷொங்வே: ...போகாதே, லொமலங்கா. தப்பா சொல்லிட்டேனா?

லாமசேக்கோ: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாருக்கும் நான் லாமசேக்கோ. எங்கப்பா வம்சத்துப் பேர்தான் என் பேர்னு ஆயிடுச்சு. எனக்குன்னு வச்ச பேரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிடறதே இல்ல.

ஷொங்வே: மன்னிச்சுக்குங்க.

லாமசேக்கோ: மன்னிப்பெல்லாம் வேண்டாம். இன்னொரு தடவை சொல்லு.

ஷொங்வே: போகாதே, லொமலங்கா. நாளைக்கு மெலூசி வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தட்டும். உன் சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் நானே அவன்கிட்டக் கேக்கறேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

லாமசேக்கோ: வண்டி வரும், வெலாபி... உனக்கு வச்ச பேரும் எனக்கு மறக்கல. வெறும் வண்டியாத்தான் திரும்பிப் போகும். நான் வரலைன்னு போன ஞாயித்துக்கிழமையே மகன்கிட்டச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் உன்னைத் தினமும் தோண்டு, தோண்டுன்னு உசுரை வாங்கறேன்... இந்தத் தடவையாவது வாயைத் திறக்கறியான்னு பார்க்க.