‘மைண்ட்’ என்ற சொல்லும் மௌனமான ஊரும்

மேசை மணியின் நாக்கை விரலால் பிடித்தபடி நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்கும் ஊர் மன்றத் தலைவர் திருமதி ஆக்ராய்ட் அவர்களே! கொட்டும் மழையில் மலையேறி வந்திருக்கும் நெடுஞ்சாலை அதிகாரி திரு. பெம்பர்டன் அவர்களே! முன்வரிசையில் முழங்காலுக்குக் கம்பளி போர்த்தி வீற்றிருக்கும் பெரியோர்களே! பின்னால் தேநீர்க் கொதிகலனுக்குக் காவல் நிற்கும் தாய்மார்களே! பொறுமையில் பூமியையும் தோற்கடித்து, பொறுத்துப் பொறுத்தே பாழாய்ப்போகும் ஸ்கார்பெக் ஊர்மக்களே! உங்கள் அனைவருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஹெஸ்டர் ஓல்ட்ராய்டின் மாலை வணக்கம்.

நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலையிலிருந்து நீங்கள் பல் துலக்க மறந்திருந்தாலும் இந்தச் சொல்லைச் சொல்ல மறந்திருக்க மாட்டீர்கள். அதுதான் ‘மைண்ட்’ என்ற வினைச்சொல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் பள்ளி நூலகத்தில் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டே வந்திருக்கிறேன். நம் முன்னோரின் பழைய மொழியில் இதன் வேருக்கு நினைவு என்று பொருள். நமக்கு வடக்கே ஸ்காட்லாந்துக்காரர் இன்றும் ‘உன்னை மைண்ட் பண்றேன்’ என்றால், உன்னை மறக்கவில்லை என்றுதான் அர்த்தம். நினைத்தவன் கவனிப்பான் அல்லவா? ஆகவே ‘படியை மைண்ட் பண்ணு’ என்றோம். கவனித்தவன் காப்பான் அல்லவா? ஆகவே ‘குழந்தையை மைண்ட் பண்ணு’ என்றோம். காத்ததைப் பறிக்க வந்தால் கை நீட்டித் தடுப்பான் அல்லவா? ஆகவே ‘நான் மைண்ட் பண்றேன்’ என்றால், எனக்கு இதில் சம்மதமில்லை என்று ஆனது. நினைவில் பிறந்து, கவனத்தில் வளர்ந்து, காவலில் நிமிர்ந்து, மறுப்பில் முழங்கிய சொல் ஐயா இது!

இந்தச் சிங்கத்தை நாம் என்ன செய்தோம்? கழுத்தில் ஒரு ‘இல்லை’யைக் கட்டிச் செல்லப்பிராணி ஆக்கிவிட்டோம். ‘நான் மைண்ட் பண்ணல.’ அதாவது, எனக்கொன்றும் ஆட்சேபமில்லை! நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக வருவது இதுதான்.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு திரு. கிளெக் ஒருநாள் வேலியோரம் வந்தார். “ஓல்ட்ராய்ட், நம்ம கேரவன் வண்டிய ஒரு வாரம் உங்க தோட்டத்துல நிறுத்திக்கட்டுமா? மைண்ட் பண்ண மாட்டியே?” என்றார். “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நிறுத்துப்பா” என்றார் என் தந்தை. அந்த ஒரு வாரம் மூன்றாவது குளிர்காலத்தையும் கடந்துவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வானம் கிடையாது, கேரவன்தான் உண்டு. நண்பகலில் விளக்குப் போட்டு உருளைக்கிழங்கு உரிக்கிறார் என் தாய். “நீங்க போய்ச் சொல்லுங்களேன்” என்பார். “பாவம், அவன் மனசு நோகும்” என்பார் அப்பா. அம்மாவின் மனம் நோவதற்கு மட்டும் எங்கள் வீட்டில் அனுமதி உண்டு!

திரு. கிளெக், எழுந்து போகாதீர்கள். மழை பெய்கிறது.

விஷயம் கேரவனோடு முடிந்திருந்தால் நான் இந்த மேடை ஏறியிருக்க மாட்டேன். சென்ற மாதம் இதே மண்டபத்தில் திரு. பெம்பர்டன் எழுந்து, “பள்ளிக்கூடத்து முன்னால ஆள் நின்னு பிள்ளைங்கள ரோடு தாண்டிவிடுற வேலைய நிறுத்திட்டு, வெள்ளைக் கோடு போட்டுறலாம்னு இருக்கோம். யாராவது மைண்ட் பண்றீங்களா?” என்று கேட்டார். யாராவது வாய் திறந்தீர்களா? ஒருவர் இருமினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். “யாருக்கும் ஆட்சேபம் இல்ல போலிருக்கு” என்று அவர் எழுதிக்கொண்டார். பிறகு என்ன நடந்தது? கார் நிறுத்தும் இடத்தில், கொட்டும் மழையில், குடைக்கடியில் ஒரே கொந்தளிப்பு!

“என்ன அநியாயம்டி இது! லாரி வர்ற ரோடு!”

“அப்ப உள்ள கேட்க வேண்டியதுதானே?”

“நான் எப்படிக் கேட்கிறது? அந்த மனுஷன் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு!”

கேட்டீர்களா கதையை? தூரத்திலிருந்து வந்தவர் மனம் நோகக் கூடாது. கல்குவாரி லாரியின் எதிரே நம் பிள்ளை நிற்கலாம்!

அந்த வேலையைச் செய்யும் வில்ஃப் ஹார்ட்லி மாமாவை உங்கள் அனைவருக்கும் தெரியும். மஞ்சள் கோட்டும், வட்டப் பலகை வைத்த கம்புமாக நிற்பவர். போன பனிக்காலத்தில் என் தங்கை பாலி நடுச்சாலையில் ஷூ வார் அறுந்து உட்கார்ந்துவிட்டாள். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. மாமா கம்பை ஊன்றி, கையை நீட்டினார். லாரி நின்றது, ஹாரன் அலறியது. அவரோ குனிந்து வாரை முடிச்சுப் போட்டபடி, “நிதானமா எழுந்திரு கண்ணு. லாரிக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

திரு. பெம்பர்டன் அவர்களே, உங்கள் வெள்ளைக் கோடு குனியுமா? கோடு முடிச்சுப் போடுமா? பனியில் கோடு தெரியுமா?

நேற்று மாமாவிடமே போய், “உங்களுக்கு வருத்தமாயில்லையா?” என்று கேட்டேன். “எனக்கென்ன கண்ணு, நான் மைண்ட் பண்ணல” என்றார். சொல்லிக்கொண்டே, அழுக்கே இல்லாத அந்தப் பலகையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது! காப்பவரே கைவிட்டால் யார் காப்பது? பண்பு என்று பெயரிட்டுப் பயத்தை வளர்க்கிறோமே, இது தகுமா? நாசூக்கு என்று சொல்லி நாக்கை அடகு வைத்தோமே, இது முறையா?

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். இன்றுதான் கடைசி முடிவு. திரு. பெம்பர்டன் அவர்களே, சென்ற மாதம் கேட்ட அதே கேள்வியை இப்போதே ஒருமுறை கேளுங்கள்.

நன்றி. கேட்டுவிட்டார்.

ஏன் இந்த அமைதி? கொதிகலன்கூடக் குமுறுகிறதே! அதற்கு இருக்கும் துணிச்சல் நமக்கு இல்லையா?

யாரது, ஜன்னலோரம்? அப்பா! காதைச் சொறியவா கையைத் தூக்கினீர்கள்?

“இல்ல ஹெஸ்டர். நான்... நான் மைண்ட் பண்றேன்.”

சத்தமாக, அப்பா! தாய்மார்கள் பக்கம் கேட்கவில்லையாம்! ஆ, கேட்டுவிட்டது. கரண்டியோடு ஒரு கை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பேனா ஏன் நிற்கிறது?

கதவோரம் நிற்கிறாரே, வில்ஃப் மாமா. அவரும் கையைத் தூக்கிவிட்டார். அனைவரும் திரும்பிப் பாருங்கள். கம்பில்லை, பலகையில்லை. உள்ளங்கை மட்டும் மேடையை நோக்கி விரிந்திருக்கிறது. லாரியை நிறுத்திய அதே கை!

இனி நான் பேச என்ன இருக்கிறது? கை தூக்கிய அனைவருக்கும் நன்றி. அப்பா, நீங்கள் மட்டும் இறக்காதீர்கள், கேரவன் பாக்கியிருக்கிறது. திரு. கிளெக், திரும்பி என் தந்தையைப் பாருங்கள். மற்ற அனைவரையும் நாளைக் காலை பள்ளி வாசலில், மாமாவின் பலகைக்குப் பின்னால் சந்திக்கிறேன். வணக்கம்.