வீராசாமி திருப்பாத பக்கம்

– அப்பறம் இன்னா ஆச்சு? அந்த வெள்ளை மாவை எங்கதான் ஒளிச்சானுங்க?

– காருக்குள்ள வேம்புலி! கதவு, சீட்டு, அடிப்பக்கம், எல்லாத்தையும் கயட்டி, பொட்டலம் பொட்டலமா சொருவி, மறுபடி மூடிட்டானுங்க. காரைக் கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே கொணாந்துட்டானுங்க. மாபியான்னா சும்மாவா?

– மாபியான்னா ஆளு பேரா, ஊரு பேரா?

– கூட்டம்மே. கொலை, கடத்தலு, அபினு மாதிரி போதை மாவு, எல்லாம் அவனுங்க கைல. நெசமா நடந்த கேசு இது. கோர்ட்ல பேசுனதை அப்டியே பொஸ்தகமா எய்திக்கீறான்.

– நெசமாவே படிக்கிறியா, இல்ல நீயே அவுத்து வுடறியா? மூர் மார்க்கெட்ல இந்தப் பொஸ்தகம் வாங்கியாந்ததுலேர்ந்து நம்ம சேக்காடு ஊரு பூரா இதே பேச்சு. வீராசாமி இங்கிலீசு படிக்கிறானாம். கம்பெனி நோட்டீசே உனுக்குப் பாதிதான் புரியும்.

– அத்த வுடு. முக்கியமான பாயிண்ட்டு ஒண்ணு கேட்டுக்கோ. சாட்சி இல்லாம ஒருத்தனுக்கும் தண்டனை கெடையாதுன்றாரு ஜட்ஜு. அமெரிக்கா ஜட்ஜே சொல்றாரு. நம்ம பக்கத்தூட்டு தாயம்மா இன்னா சொல்லுது? சேவலைக் காணோம், பொன்னியம்மன் கோயில்ல மண்ணை வாரித் தூத்தப் போறேன்னு. ஆரு எட்த்தான்னு தெரியாமலே சாபம் வுடறது நாயமா?

– புள்ள ஜொரத்துல கெடந்தப்போ அம்மனுக்கு நேந்துகினு வளத்த சேவல்யா அது. வயிறு எரியாதா?

– எரியும், எரியும். நா இல்லன்றனா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. அது கோயிலுக்குக் கெளம்பறதுக்குள்ள நீ போயி தடுத்துடு.

– தாயம்மாக்கா சேவலுக்கு உனுக்கு இன்னாய்யா இம்மாங் கவலை?

– ஒரு நாயத்துக்கு சொன்னேன்.

– சரி, மேல படி. அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் வாயைத் தெறக்கலன்னியே?

– தெறக்கவே இல்ல. காட்டிக் குடுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணவனுங்க. கடைசீல ஒருத்தன் அப்ரூவரா மாறிட்டான்.

– அப்டின்னா?

– மொதல்ல உண்மையைக் கக்குனவனுக்கு மன்னிப்பு. கூட்டாளிங்களுக்குத்தான் ஜெயிலு.

– அம்மாங் கெட்டியா இருந்தவனை எப்டிய்யா கக்க வெச்சாங்க?

– அது அடுத்த பக்கத்துல கீது. இரு, திருப்பறேன்.

– அப்பறமா திருப்பு. சொல்ல மறந்தே பூட்டேன். உன் சிநேகிதரு நாகேந்திரன் அண்ணன் வந்துட்டுப் போனாரு.

– எப்போ?

– நீ குளிக்கசொல்ல. எல்லாத்தையும் சொல்ட்டாரு.

– எல்லாத்தையும்னா?

– எல்லாத்தையும்தான். சேவலைப் புட்ச்சது நீயாம். அவரு வேணாம் வேணாம்னு உன் கையைப் புட்ச்சி இஸ்தாராம்.

– அட கஸ்மாலம்! அவனா இஸ்தான்? கோணியைப் போட்டு அமுக்குனதே அவன்தாம்மே! நா சும்மா வேலியாண்ட நின்னுகினு ஆளு வருதான்னு பாத்தேன். ஏரிக்கரைக்கு எட்த்துகினு போயி அறுத்தது அவன், மசாலா அவன் ஊட்டுது, நா சுள்ளிதான் பொறுக்குனேன். நேந்து வுட்ட சேவல்னு அப்போ தெரியாது, ஆத்தா மேல ஆணை! நாந்தான் மொதல்ல சொல்றேன், அப்ரூவரு நாந்தான்!

– ஆங். இப்போ அந்தப் பக்கத்தைத் திருப்பு.

– இப்போ எதுக்கு?

– திருப்பிப் படிய்யா.

– “அவனைத் தனியா குந்த வெச்சி... உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்ட்டான்னு... போலீசு புளுவுச்சி. அவனும் அத்த நம்பி...” வேம்புலி!

– இன்னா?

– நாகேந்திரன் வந்தானா, வரலையா?

– அவரு எங்க வந்தாரு? நம்ம வாசப்படியே மிதிக்கல.

– அடிப்பாவி! மாபியாக்காரனை மடக்குன வேலையை, பொஸ்தகமே தொடாம எப்டிமே...

– உன்ன மடக்கப் பொஸ்தகம் வேற வேணுமா? தாயம்மாக்கா கொரலு கேட்டாலே கொல்லப்பக்கம் ஓடறது எதுக்குன்னு, இப்போ நீ சாபத்துக்குப் பதறசொல்லதான் புரிஞ்சிது. அந்த நாகேந்திரன் இல்லாம நீ எந்தத் திருட்டுத்தனம் பண்ணிக்கீறே? தெருவே கூடி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கட்டும். சாபத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்க. எனுக்கு இன்னா?

– உனுக்கு ஒண்ணுமில்லையா? சனிக்கிழமை தூக்குல கறி கொணாந்தேனே, கேண்டீன்ல விருந்துன்னு?

– ஆமா. அதுக்கு இன்னா இப்போ?

– விருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால் துண்டு எனுக்குதான்னு வாங்கிகினு, எலும்பைக்கூட வுடாம கடிச்சியே. அது தாயம்மா சேவலு.

– அய்யய்யோ! பொன்னியம்மா! தாயே!

– இன்னாமே, அப்டியே குந்திட்டே? பயப்படாதே, இன்னும் டைம் கீது. இப்பவே பூந்தமல்லிக்குப் போயி வேற சேவலு வாங்கியாரேன். ரெண்டு பேருமா தாயம்மா கால்ல வுய்ந்துடலாம். நாளைக்குக் கோயிலுக்குப் போவாது.

– நாளைக்கு வரைக்கும் அக்காவால தாங்க முடியலய்யா. நீ மொத ஷிப்டுக்குக் கெளம்பினதும், காலைலயே கோயிலுக்குப் பூட்ச்சி. தொணைக்கு நானும் போனேன்.

– போயி? மண்ணைத் தூத்திட்ச்சா?

– அக்காவுக்கு அய்வைல கையே எயும்பல. “திருடுன கையும் வெளங்கக் கூடாது, துன்ன வாயும் வெளங்கக் கூடாது”ன்னு, அதுக்குப் பதிலா மண்ணை வாரித் தூத்தினவளே நாந்தான்யா.