தோள் நனைஞ்ச சேட்டு

இல்லைத் தம்பி, பெரிய கிளாஸ் வேணாம். ஒரு பலகையில நாலு சின்னக் கிளாஸ் அடுக்கிக் குடுப்பீங்களே, அதைத் தாங்கோ. ஓம், நாலும் வேற வேற. எனக்கு முறை தெரியும். இது நான் வாற நாலாவது இடம்.

நீங்க தமிழ் எண்டு எப்பிடிக் கண்டனானோ? நான் மல்லி எண்டு சிங்களத்தில கூப்பிட்ட நேரம், நீங்க அங்கால திரும்பி ஆரிட்டயோ ஐஸ் முடிஞ்சுது எண்டு தமிழில சொன்னனீங்க. நெஞ்சில கிறிஸ்ரி எண்டு பேர். கையில செபமாலை. கொட்டாஞ்சேனையோ? நினைச்சனான். நான் வெள்ளவத்தை. சிவானந்தன் எண்டு பேர். இல்லை, ஒருத்தருக்காகவும் பாத்துக்கொண்டு நிக்கேல்ல, தனியத்தான் வந்தனான். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு கிழவன் தனிய வந்து பீர் குடிச்சா உங்களுக்குச் சந்தேகம் வருதோ? வரட்டும். சந்தேகம் நல்லது.

உங்களுக்குக் கை ஆடேல்ல. பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நாலையும் விளிம்புமட்டும் ஊத்தி, ஒரு துளி சிந்தாமக் கொண்டந்து வைச்சிட்டீங்க. எங்கட மூத்தவள் நிஷாந்தினி தேத்தண்ணி கொண்டந்தா அரைவாசி சோசரிலதான் நிக்கும். அது கிடக்கட்டும்.

இதென்ன கலங்கலாக் கிடக்கு? கோதுமையோ. அடியில நிக்கிறது ஈஸ்டோ. வேணுமெண்டுதான் விட்டிருக்கிறீங்களோ? கோட்டையில அந்த இடத்திலயும் இதைத்தான் சொன்னவங்கள். நான் நம்பேல்ல. வடிக்கப் பஞ்சிப்பட்டுட்டு அதுக்கொரு கதை சொல்லுறாங்கள் எண்டு நினைச்சன். பிறகு கல்கிசையில, கடலுக்குப் பக்கத்தில ஒரு இடம், அங்க கேட்டன். அதே பதில். ரெண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்லுறதெண்டா முதல் கூடிக் கதைச்சிருக்கோணும். அவங்கள் கூடிக் கதைக்கிற ஆக்கள் மாதிரித் தெரியேல்ல. அதால சரி எண்டு எடுத்துக்கொண்டன்.

வாழைப்பழம் மணக்குது. போட்டதோ? போடேல்ல. போடாம எப்பிடி மணக்கும்? அதுவும் ஈஸ்டோ. ம். எல்லாத்தையும் ஈஸ்டின்ர தலையில போட்டுட்டு நீங்க தப்பிடுறீங்க.

சிரிக்காதீங்கோ, என்ர தொழில் அப்பிடி. முப்பத்தொரு வருசம் இன்சூரன்ஸில க்ளெய்ம் பாத்தனான். இடிபட்ட வாகனங்கள். ஒருகொடவத்தையில கொண்டெய்னர் லொறி வந்து இடிச்சது எண்டு எழுதிக் குடுத்திருப்பாங்கள். நான் போய்க் குந்தியிருந்து நெளிவைத் தடவிப் பாப்பன். நெளிவு எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போயிருக்கு எண்டதை வைச்சே தெரியும், லொறி வந்து இடிச்சதோ, இவர் றிவேர்ஸ் எடுக்கேக்க வீட்டு மதிலில குடுத்ததோ எண்டு. ஆக்கள் சொல்லுறதை நான் ஒருநாளும் எழுதினதில்லை. தகரத்தைப் பாத்துத்தான் எழுதுவன்.

இந்தச் செம்பு நிறத்தைப் பாப்பம். ஐயோ! இதென்ன தம்பி, வேப்பங்கொழுந்தைச் சப்பின மாதிரிக் கிடக்கு. இதையும் கேட்டு வாங்கிக் குடிக்கிற சனம் இருக்கோ? நிறையவோ. ஓம், இருக்கும். அவரும் இதுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்கிறார். பொறுங்கோ, ஃபோனில காட்டுறன். கண்ணாடியைப் போடுறன். இந்தா. இவரைத் தெரியுமோ?

தெரியும். நல்லது. ஜீவராஜ். எங்கட சின்னவள் மயூரிக்குப் பேசுற மாப்பிள்ளை. கொம்பியூட்டர் வேலை, தகப்பன் பொரளையில ஃபார்மசி வைச்சிருக்கிறார். தரகர் சொன்னார், ஆள் தங்கம், சும்மா சோசலாக் கொஞ்சம் எடுப்பார் எண்டு. சோசலா எண்டா எவ்வளவு எண்டு கேட்டன். தரகர் தலையைச் சொறிஞ்சார். பிறகு தேடிப் பாத்தா, ஆள் ஒண்டையும் ஒளிக்கேல்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஏதோவொரு இடம். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஃபோட்டோ, நட்சத்திரம், ரெண்டு வரி. நுரை நல்லம், கறுவாப்பட்டை மணம் காணாது, தொண்டையில கசப்பு நிக்குது எண்டு பேஸ்புக்கில ஊருக்கே அறிவிச்சிருக்கிறார். எனக்கு உடன சந்தேகம் வந்திட்டுது. இவ்வளவையும் திறந்து வைச்சிருக்கிறார் எண்டா எதையோ மூடி வைச்சிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பதில் சொல்லோணும். நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு, நீங்க பூட்டிடுவீங்க. இண்டைக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்லை. மயூரி ரெண்டு தரம் சந்திச்சுக் கதைச்சிட்டாள், அவளுக்குப் பிடிச்சிருக்கு. மனிசிக்கும் சரி. எல்லாரும் என்ர வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். அதால அவர் போன இடமெல்லாம் நானும் போறன். அவர் குடிச்சதையே கேட்டுக் குடிக்கிறன், ஊத்திக் குடுத்த ஆளைப் பிடிச்சுக் கதைக்கிறன். மனிசி நான் லைப்ரரிக்குப் போறன் எண்டு நினைக்கிறா. வீட்டை போக முதல் ரெண்டு கராம்பு சப்புவன். பல்லுக்குத்தோ எண்டு கேக்கிறா, ஓம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

இந்தக் கறுப்பு என்னது? கித்துள் பாணி போட்டதோ. ம். பொறுங்கோ. இன்னொரு மிடறு. இது நல்லம் தம்பி. உண்மையாவே நல்லம். இதுக்கு அவர் மூண்டுதான் போட்டவர், இனிப்புக் கூட எண்டு எழுதியிருக்கிறார். பிழை. இது நாலு. கசப்புக்கு நாலரை போட்ட மனுசன் இதுக்கு மூண்டு போடுறதெண்டா, அந்தாளின்ர நாக்கில ஏதோ பழுது.

மற்ற இடங்களில என்ன சொன்னவங்களோ? எல்லாம் நல்லாத்தான் சொன்னவங்கள். ரெண்டு மணித்தியாலம் இருப்பாராம், நாலு சின்னக் கிளாஸ், பிறகு தண்ணி கேட்டுக் குடிப்பாராம், வாகனம் பிடிச்சுப் போவாராம். கல்கிசையில சொன்னவங்கள், பிடிக்காட்டி அரைவாசியில வைச்சிட்டுப் போயிடுவார் எண்டு. இப்ப நீங்களும் அதைத்தான் சொல்லுறீங்க. அப்ப ஏன் ஐயா இன்னும் துருவுறீங்க எண்டு கேக்கிறீங்க. நியாயமான கேள்வி.

எங்கட மூத்த மருமகன் ஒரு துளி தொடமாட்டார். சிகரெட் இல்லை. செவ்வாய் வெள்ளி மச்ச மாமிசம் இல்லை. அதையும் நான்தான் விசாரிச்சனான். தெஹிவளையில அவையின்ர வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வைன் ஸ்டோர்ஸில கேட்டன், தேத்தண்ணிக் கடையில கேட்டன், திரீவீல் ஸ்டாண்டில நிண்டு கேட்டன். அந்த மாத்தயா இந்தப் பக்கம் வாறதே இல்லை எண்டாங்கள். கடைசியா அவற்ற பிளட்ஸ் வாசலில நிண்ட செக்குரிட்டியிட்டக் கேட்டன். குடிக்கமாட்டார் சேர் எண்டு சொல்லிப்போட்டு, நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன். நான் அதைக் கவனிச்சனான். கவனிச்சும், அப்ப வேற என்ன எண்டு அடுத்த கேள்வியைக் கேக்கேல்ல. நான் கேட்டதுக்கு அவன் சரியாத்தான் பதில் சொன்னவன், பாவம். வீட்டை போய் மனிசியிட்டச் சொன்னன், சுத்தமான மாப்பிள்ளை எண்டு.

ஏழு மாசமா நிஷாந்தினி எங்கட வீட்டிலதான் இருக்கிறாள்.

குடிவெறியில அடிச்சான் எண்டு சொல்லக்கூட ஏலாது தம்பி. வெறியே இல்லை. நல்ல தெளிவோட, கதவைப் பூட்டிப்போட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிப்போட்டு. உப்புக் கூடினா ஒருக்கா, கிளாஸ் உடைஞ்சா ஒருக்கா. கலியாணம் முடிஞ்ச அடுத்த வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்தவை. பிள்ளையின்ர கையில, இந்த இடத்தில, நீலம் பாஞ்சு கிடந்தது. என்ன பிள்ளை எண்டு கேட்டன். அலுமாரிக் கதவு அடிச்சது எண்டாள். நான் முப்பத்தொரு வருசம் நெளிவு பாத்தவன். கதவு அடிச்சா ஒரு கோடு வரும். நாலு விரல் வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், பாத்துத் திற பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு, சோத்தைப் போட்டுச் சாப்பிட்டன். பக்கத்தில இருந்து அவரும் சாப்பிட்டவர். மாமா, நண்டுக் கறி நல்லா இருக்கு எண்டவர்.

வெக்கமாக் கிடக்கு தம்பி. மனிசியிட்ட இதை நான் இன்னும் சொல்லேல்ல. அண்டைக்கே எனக்கு விளங்கினது எண்டு அவவுக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் அந்தப் பிள்ளை அந்த வீட்டில இருந்தவள்.

தண்ணி வேணாம். இருக்கட்டும். நீங்க நல்ல பிள்ளை.

இப்ப இந்த ஃபோட்டோவைப் பாருங்கோ. போன மாசம் பதினாலாந் திகதி. இது உங்கட இடம்தானே, அந்தச் சுவரில இருக்கிற மீனைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சனான். பலகையில நாலு குழி இருக்கு, கிளாஸ் மூண்டுதான் நிக்குது. கீழ எழுதினதிலயும் மூண்டுக்குத்தான் நட்சத்திரம். மற்றக் கிழமையெல்லாம் நாலு. அப்ப நாலாவது எங்க போனது? பெரிசாக்கிப் பாத்தன். சேட்டு நனைஞ்சிருக்கு. முன்னுக்கு இல்லை, தோளில. தானே ஊத்துப்பட்டா மடியில விழும். தோளில விழுந்ததெண்டா பின்னுக்கு நிண்ட ஆரோ ஊத்தியிருக்கோணும். ஓரத்தில ஒரு கை துணியோட தெரியுது. அந்தக் கையில செபமாலை. ஒரு மணி இல்லாத இடத்தில நீல நூல் முடிஞ்சிருக்கு. இந்தா, இந்த முடிச்சுத்தான்.

பயப்படாதீங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்ல வரேல்ல. கை எல்லாருக்கும் வழுக்கும். இந்த ஃபோட்டோவை வீட்டில காட்டேக்க நிஷாந்தினி கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவள். பேந்து சொன்னாள், அப்பா, எவ்வளவு குடிக்கிறார் எண்டு இனி ஒருத்தரிட்டயும் கேக்காதீங்கோ, இந்தக் கிளாஸ் விழுந்த நேரம் என்ன செய்தவர் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ எண்டு. இந்த மீன் இருக்கிற இடத்தைத் தேடி என்னைப் பத்து நாளாப் பீர் குடிக்க அனுப்பினது அவள்தான்.

சொல்லுங்கோ.

சிரிச்சவரோ? ஃபோட்டோவிலயும் சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறார். நிஷாந்தினியின்ர கலியாண அல்பத்தில மூத்த மருமகன் சிரிக்காத ஒரு பக்கம் இல்லை. வேற?

மனேஜர் வந்தவரோ. வந்து ஏசினவரோ உங்களை? அப்ப இவர்? தன்ர முழங்கை தட்டினதால விழுந்தது எண்டு சொன்னவரோ. தட்டினதோ உண்மையா? தட்டேல்ல. அப்ப பொய் சொல்லியிருக்கிறார்.

ம்.

இடிச்ச ஆள் பிழையை மற்றவன்ர தலையில போடுறதைத்தான் நான் சேவிஸ் முழுக்கப் பாத்தனான். இடிவாங்கின ஆள் பிழை என்ர எண்டு எழுதித் தந்த ஒரு க்ளெய்ம் என்ர கையால போகேல்ல. ஆனா பொறுங்கோ. அது சனத்துக்கு முன்னால. கூட்டாளிமார் பாத்துக்கொண்டிருக்கினம், மனேஜர் நிக்கிறார். அதில ஆரும் நல்லவனா நிக்கலாம். அங்கால கக்கூஸ் பக்கம் போகேக்க உங்களை மறிச்சு ஏதும் சொன்னவரோ? காதுக்குள்ள? இல்லை. காலைக் கீலை மிதிச்சு, பிழையாத் தட்டுப்பட்ட மாதிரி? இல்லை. சரி.

அடுத்த சனிக்கிழமையும் வந்தவரோ? அதே கதிரையோ. அந்த மேசைக்கு ஆர் கொண்டுபோனது? நீங்களோ. பின்னுக்கு நிண்டுதான் வைச்சனீங்களோ, போன முறை மாதிரி? ஓம்.

அப்ப கடைசியா ஒண்டு, பேந்து நான் போயிடுவன். யோசிச்சுச் சொல்லுங்கோ, எனக்காகச் சொல்லாதீங்கோ. எங்கட வீட்டில இப்ப ஒருத்தரும் சத்தம் போடுறதில்லை. நான் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் கை ஓங்கினதில்லை. ஆனாலும் எனக்குத் தேத்தண்ணி கொண்டரேக்க அவளுக்குக் கை நடுங்குது, தம்பி. தகப்பன் எனக்கு முன்னாலயே. அதால கேக்கிறன். அந்தச் சனிக்கிழமை, அவற்ற தோளுக்கு மேலால கிளாஸை வைக்கேக்க, உங்கட கை நடுங்கினதோ?

இல்லையோ?

இன்னொருக்காச் சொல்லுங்கோ.