தொட்டிக்கு மேலே ஊதா விளக்கு

கடல் தண்ணீரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை மேடம். உப்பும் சூடும் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நாற்றம் வராது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். பிறகு தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்திருக்க மனம் வராது.

திருவொற்றியூரில் எங்கள் தெருவைப் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் விடாமல் போகும். ஜன்னலைத் திறந்தால் புழுதியும் கரித்தூளும் வந்து படியும். அந்த வீட்டில் முழுச் சுத்தமாக இருந்தது தொட்டி மட்டும்தான். அதில் பவளம் வளர்த்தது சட்டப்படி தப்பு என்று உங்கள் ஏட்டு சொன்னார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தப்பை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் புஷ்பவல்லி. காசிமேட்டிலிருந்து வரும் இறாலை உரித்து அனுப்பும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தம்பி நிதிஷ் பிறந்த வருஷமே அம்மா போய்விட்டாள். அவனை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை எல்லாரும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

தொட்டி வைத்த புதிதில் மீன்கள் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜீனத்திடம் போய்ச் சொன்னேன். அவள்தான் யூ.வி. லைட் கொடுத்தாள். அது ஒரு கறுப்புக் குழாய். உள்ளே, அந்த வெளிச்சத்தைத் தடுக்காத தனிவகைக் கண்ணாடி உறைக்குள் ஒரு விளக்கு. தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, அந்த வெளிச்சத்தைத் தாண்டி, மறு பக்கம் வெளியே வரும். தண்ணீரில் மிதந்து வரும் கிருமியும் பாசியும் அதற்குள் செத்துவிடும். பாறையில் ஒட்டியிருக்கும் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

கொஞ்ச நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. மீனுக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது. ஒரு வருஷம் ஓடினால் விளக்கின் பலம் குறையும், புதிதாகப் போட வேண்டும் என்று ஜீனத் சொல்லியிருந்தாள். மாற்றுகிற அன்று ஒன்றுக்கு இரண்டாகப் புது விளக்கு வாங்கினேன். கொடுக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இத்த கொழாய வுட்டு வெளிய எடுத்து எரிய வுட்டுடாத. ஊதாவா அழகாத்தான் கீது. கண்ண அவிச்சிடும்."

"கண்ணாடி போட்டுகினா?"

"கண்ணாடி தடுக்கும். அதுக்குன்னு பாத்துகினு நிப்பியா? வேல கீது போ."

நிதிஷின் மேசை தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் ஏசி இருப்பது அந்த ஒரு கூடத்தில்தான். தவிர, தொட்டிக்கு மேலே எரியும் நீல விளக்கின் கீழே படித்தால் கடலுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்பான். அவனுக்குக் கப்பலில் போக ஆசை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவன். தேர்வு எழுதினான், தேறினான். கண் பரிசோதனை மட்டும் பாக்கி. கப்பல் வேலைக்குப் பார்வை பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

எனக்குக் கடல் என்றால் பயம். எங்கள் நைனா தேசப்பன் விசைப்படகு ஓட்டியவர். அவர் கடலில் சாகவில்லை, மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில்தான் செத்தார். ஆனாலும் கடல்தான் அவரைக் கொண்டுபோனது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு பயலை அதே தண்ணீருக்கு அனுப்ப எந்த அக்காவுக்கு மனம் வரும்? பேசிப் பார்த்தேன். சிரித்தான். பேச்சில் புரியாததை வேறு விதமாகத்தான் புரியவைக்க வேண்டும்.

பரிசோதனைக்கு முதல் நாள் மாலை, மிச்சமிருந்த புது விளக்கைத் தொட்டியின் மேல்மூடிக்கு அடியில், மேசையைப் பார்த்த மாதிரி கட்டினேன். அங்கே ஏற்கெனவே நீல விளக்குகள் எரிகின்றன. இன்னொன்று சேர்ந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அவன் ராத்திரி வரை மேசையில் உட்கார்ந்திருந்தான், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்தேன். மீன்களுக்கு ஆகாது என்று அந்தப் பக்கம் மட்டும் அட்டை வைத்து மறைத்தேன்.

விடியும்போது எழுந்து வந்தான். இமை திறக்கவில்லை. முகம் வெயிலில் சுட்ட மாதிரி சிவந்திருந்தது.

"யக்கா, கண்ணுல மண்ணு பூந்தா மாரி கீது. தொறக்க முடியல."

"சூடுடா. தலைக்கு எண்ண வெக்கறதில்ல நீ."

அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஆறிய பிறகு வரச் சொன்னார். ஆறியது. மறுபடி தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு முன்னாலும் கண் சிவந்தது. அதற்குள் அந்த வருஷத்துச் சேர்க்கை முடிந்துபோனது. அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் நான் பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டான். சின்ன வயதில் சாப்பிட்ட மாதிரியே வாயைத் திறந்தான். பார்வைக்கு ஒரு குறையும் வரவில்லை. அதோடு விளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, கடலுக்குப் பயந்து செய்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நடந்தது எனக்கும் சொல்லக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

மெர்லின் ராயபுரத்துப் பெண். அவனோடு கல்லூரியில் படித்தவள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் தனக்கு வேலை வாங்கினாள், அவனுக்கும் பேசி வாங்கிக் கொடுத்தாள். போய்ச் சேர்ந்ததும் கல்யாணம் என்றார்கள். நிதிஷ் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"கடலுக்குப் போவலக்கா. ஏசி ரூம்புல குந்திகினு வேல. இனிமே நீ இன்னாத்துக்கு பயப்படணும்?"

பயப்பட ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன். இனிப்பு வாங்கிவந்து கொடுத்தேன். வேலைக்குச் சேரும் முன் வீட்டிலிருந்தே பயிற்சி. நாள் முழுக்க லேப்டாப்போடு மேசையில் உட்கார்ந்திருப்பான். அன்றே விளக்கை எடுத்துக் கட்டினேன்.

இந்தத் தடவை கழற்றவில்லை. கண் எரிகிறது என்றான். மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். எரிச்சல் அடங்கும், மறுபடி மேசைக்குப் போவான். மறுபடி எரியும். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா யக்கா? ஒரே பேஜாரா கீது."

"ஊர்ல எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ வந்துகினு கீதுடா. தானா பூடும்."

கறுவிழியில் வெள்ளை படர்ந்த பிறகு நானே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். தாமதம் என்று டாக்டர் திட்டினார். திட்டட்டும், அவருக்கு என்ன தெரியும். புண்ணில் கிருமி இறங்கிவிட்டதாம். ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் நிழல் மட்டும் தெரிகிறது. இறந்தவர்களின் விழியிலிருந்து எடுத்து வைத்துத் தைக்கலாம், பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரமாகக் கேட்கட்டுமா என்றார். அவசரமில்லை என்று சொன்னேன்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவனுடைய லேப்டாப்பில் கம்பெனிக்கு விவரம் எழுத வேண்டும் என்று மெர்லின் வீட்டுக்கு வந்தாள். அவன் நாற்காலியிலேயே மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவள் படியேறும் சத்தம் கேட்டுத்தான் போட்டேன். டீ கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி மூடியைத் தூக்கினாள். மேசையைப் பார்த்துக் கட்டியிருந்த விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவன் உங்க தம்பிதானக்கா," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவள் இறங்கி நேராக உங்களிடம் வந்தாள்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். கண் போகும் என்று ஜீனத் சொன்ன பிறகுதான் அந்த இன்னொரு விளக்கை எடுத்துவைத்தேன். நீங்கள் எழுதியிருப்பது சரி, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

மெர்லின் அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பவில்லையாம். "எங்க அக்கா அப்டி செய்யாது, நீ போ," என்று அவளை அனுப்பிவிட்டானாம். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீங்களும் அவனிடம் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவன் தாங்கமாட்டான்.

இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள், கூட ஒரு போலீஸ் வந்தாலும் சரி. இன்றைக்குச் சங்கரா மீன் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முள் எடுத்து ஊட்ட வேண்டும் மேடம், அவனுக்குத்தான் கண் தெரியாதே. என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?