நின்றால் போதுமான கார்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நடுவயதுத் தம்பதி. கணவர் மடியில் சாக்கில் சுற்றிய இரும்புச் சாமான். காரின் சில்லை, அதாவது சக்கரத்தை, அச்சில் பூட்டும் ஹப், பழஞ்சாமான் கடையில் வாங்கியது என்று பேச்சில் தெரிந்தது. பஸ்ஸில் புத்தகம் படித்துப் பிறர் மதிப்பைத் தேடுகிறவன் நான். "கார் ஓடத் தேவையில்லையப்பா, நிண்டாக் காணும்" என்று அவர் சொன்னதோடு என் படிப்பு நின்றது. பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இதில வெடிப்பிருக்கு. ஒட்டி வைச்சிருக்கிறாங்கள்," என்றார் மனைவி.

"கிறீஸ் பூசினாத் தெரியாது. நல்லது வேணுமெண்டாக் கொழும்புக்குப் போகோணும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பகுதி வருகினம். சீதனத்துக்குக் கார் தாறம் எண்டு சொல்லிப்போட்டு, அதைக் கல்லில ஏத்தி வைச்சே காட்டுறது?"

"பிறகு மாப்பிள்ளை எடுத்து றோட்டில ஓடினா?"

"ஓடட்டும். வயல் காணாதெண்டு காரும் கேட்ட ஆக்கள்தானே. தாலி கட்டின பிறகு சில்லுக் கழண்டா எங்களுக்கென்ன?"

மனைவி அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை ஓடேக்க அவருக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்?"

நெடுங்கேணியில் பஸ் நின்றபோது கணவர் ஹப்பைத் திரும்பவும் சாக்கில் சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளையிட்டைச் சொல்லி வைப்பம்," என்றார்.

"என்னெண்டு சொல்லுறது? அப்பா தந்த காரில ஏறாதை எண்டோ?"