முன்னுக்கு இடம் இருக்கோ

உந்த வீ.ஆர். கண்ணாடி எங்கட ஊர் வெயிலுக்குச் சரிவராது, சேர். வேர்வை இறங்கி, முகத்தில ஒட்டுற பஞ்செல்லாம் நாறும். பற்றறியும் கனநேரம் நிக்காது. கதிரையில இருந்து பாக்கிற சாமானைத் தெருவில போட்டுக்கொண்டு திரிஞ்சால் ஒருநாளைக்கு ஆபத்துத்தான். இதை நான் எல்லாருக்கும் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை.

கனடாவில இருக்கிற தமையன்தான் என்ர மனிசன் கஜீபனுக்கு அதை அனுப்பினவர். போட்டால் கண் ரண்டும் மூடுப்படும். உள்ளுக்க வேற ஊர் தெரியும். பனி கொட்டுற தெருவில நடக்கிறதுதான் இவருக்கு விருப்பம். வீட்டு வளவு காணாதெண்டு வெளியில இறங்கினார். பஸ் ஸ்டாண்ட், சந்தை, பள்ளிமுனைக் கோயிலடி, எங்க போனாலும் நான் முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில போகவேணும். "முன்னுக்கு இடம் இருக்கோ?" எண்டு கேப்பார். "ஓம்" எண்டால் நடப்பார். "இல்லை" எண்டால் நிப்பார். சந்தையில மீன் விக்கிற மனிசி ஒருத்தி எனக்குப் பின்னால சொன்னவ, "பாவம், புருசனுக்குக் கண் தெரியாது போல."

வெளியில இருக்கிறதைக் காட்டுற வசதியும் அதில இருக்கு. ஒரு தட்டுத் தட்டினால் காணும். அதைப் போடுங்கோ எண்டு கெஞ்சினனான். "போட்டால் பனி போயிடும். நீ இருக்கிறாய்தானே" எண்டார்.

மாசியில முருங்கன் கிளினிக்குக்குப் போயிட்டு பஸ்ஸில வந்தனாங்கள். அப்ப நான் பிள்ளைத்தாச்சி. பாதி வழியில வயித்துக்க இழுத்துப் பிடிச்சது. சீலை நனையிறது தெரிஞ்சது. "இஞ்சாருங்கோ, அதைக் கழட்டுங்கோ, எனக்கு ஏலாமக் கிடக்கு" எண்டன். அவர் ஒரு விரலைத் தூக்கி, "பாலம் ஒண்டு வருகுது, கொஞ்சம் பொறு" எண்டார். எனக்குச் சட்டை தைக்கிற உம்மு குல்சூம் ராத்தாவும் அந்த பஸ்ஸில வந்தவ. அவதான் பஸ்ஸை நிப்பாட்டி என்னை இறக்கினவ. பிள்ளை தங்கேல்லை. அதுக்காக நான் கோவிக்கேல்லை, சேர். கோவிச்சிருந்தால் கத்தியிருப்பன்.

பிறகு நான்தான் இறங்குதுறைக்குப் போவம் எண்டு சொன்னனான். நீளமான இடம், வாகனம் வராது, காத்தும் இருக்கு. அவருக்கு நல்ல சந்தோசம். திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், சனமெல்லாம் கோயிலில. கடல் வத்தி, தூணடியில கல்லெல்லாம் வெளியில தெரிஞ்சது. நான் மீன்பிடிகாரன்ர மகள். எப்ப வத்தும், எப்ப பெருகும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

துறையின்ர விளிம்பில நிண்டு, "முன்னுக்கு இடம் இருக்கோ?" எண்டார். நான் முழங்கையை விட்டிட்டு, "ஓம்" எண்டன். அவர் காலைத் தூக்கினபடி கொஞ்சம் யோசிச்சார். "உண்மையாவோ?"

"ஓம், நடவுங்கோ."

கீழ கல்லில விழுந்தும் உயிரோடதான் கிடந்தார். கழுத்து அசையேல்லை, கையும் தூக்க வரேல்லை. கண்ணாடி மட்டும் முகத்தில இருந்து கழண்டு விழேல்லை. "நிறஞ்சலா, எல்லாம் வெள்ளையாக் கிடக்கு, வந்து கழட்டிவிடு" எண்டார். "வாறன்" எண்டன்.

ஏன் ஆரையும் கூப்பிடேல்லை எண்டு கேக்கிறீங்கள். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து தூக்கியிருப்பினம். கட்டிலில கிடத்தியிருப்பினம். அவர் அங்கயும் அதைப் போட்டுக்கொண்டு கிடந்திருப்பார். நான்தான் பக்கத்தில நிண்டிருக்கவேணும்.

நீர் மெல்ல மெல்லத்தான் ஏறினது. வாய்க்குக் கிட்ட வரேக்கையும் என்ர பேரைத்தான் சொன்னார். எழும்பிப் போக எனக்கு மனம் வரேல்லை. சத்தம் நிக்குமட்டும் மேல குந்தியிருந்து அவரோட கதைச்சுக்கொண்டிருந்தனான். புருசனைத் தனிய விட்டிட்டுப் போனவள் எண்டு ஆரும் என்னைச் சொல்ல ஏலாது, சேர்.